சட்டைக்குள் ஒரு வார்

அந்த வீடியோவை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. பார்த்தவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள், இதயம் போட்டார்கள், கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். என் தம்பி எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து யுகுலேலே, அதுதான் அந்தக் குட்டி கிட்டார், வாசிக்கிறான். இடது கை கம்பிகளின் மேல் ஓடுகிறது, வலது கை தாளம் தப்பாமல் மீட்டுகிறது, முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. பார்த்தால் அந்தக் கைக்கு ஒரு குறையும் கிடையாது. எனக்கு வயிறு எரிவதே அதைப் பார்த்துத்தான்.

எடுத்துப் போட்டது வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர். அந்த மனிதர் கையில் போன் இருக்கும்வரை எங்கள் வீட்டில் ஒரு குழம்பு கொதிப்பதுகூட ரகசியமாக நடக்காது. "மச்சான் பழையபடி ஆயிட்டான்! எக்ஸ்பிரஸ் மறுபடி கிளம்பிடுச்சு!" என்று மேலே எழுதி, தம்பி வேலை செய்யும் தொழிற்சாலையின் குழுவிலேயே கொண்டுபோய்ப் போட்டார். வேறு எங்கேயாவது போட்டிருக்கக் கூடாதா? இல்லை, சரியாக அங்கேதான் போட்டார்.

எக்ஸ்பிரஸ் என்பது தொழிற்சாலையில் தம்பிக்கு வைத்த பட்டப்பெயர். அவன் தகடு அமுக்கும் பிரஸ் மெஷினில் நின்றவன். தட்டையான தகட்டை இடது கையால் அச்சின் மேல் வைக்க வேண்டும், காலால் பெடலை மிதிக்க வேண்டும், மேலிருந்து இரும்பு இறங்கி அதை டப்பா மூடியாக அமுக்கிவிட்டு ஏறும். உடனே மூடியை எடுத்துவிட்டு அடுத்த தகட்டை வைக்க வேண்டும். அவன் வேகத்துக்குப் பக்கத்து மெஷின்காரர்கள் ஈடுகொடுக்க முடியாது. ஒரு நாள் ஒரு தகடு அச்சில் ஒட்டிக்கொண்டது. இடது கையை உள்ளே விட்டு அதை நெம்பி எடுக்கப் போனான். கால் பெடலில் பட்டுவிட்டது. யாரோ ஓடிவந்து மெஷினை நிறுத்தியதால் கை மிஞ்சியது.

ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரித்தபோது ஐந்து விரலும் முழுசாக இருந்தன. வந்து பார்த்தவர்கள் எல்லாரும் "பெரிய கண்டம் தப்பிச்சே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். விரல் இருந்தது, பிடிதான் போய்விட்டது. தொட முடியும், மெல்ல அழுத்த முடியும், ஒரு தடவை இறுக்கவும் முடியும். ஆனால் ஒரு டம்ளரைத் தூக்கினால் அது வாய்க்கு வருமா தரைக்குப் போகுமா என்று அவனுக்கே தெரியாது. கம்பெனியில் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள். கை சரியானால் மறுபடி பிரஸ். சரியாகாது என்று கம்பெனி டாக்டர் சொன்னால் ஸ்டோரில் உட்கார்ந்து செய்யும் வேலை. அவன் ஸ்டோருக்கே போகட்டும் என்று எனக்கு இருந்தது. அவனுக்கு அந்தப் பேச்சை எடுத்தாலே முகம் மாறிவிடும்.

யுகுலேலே என் மகளுடையது. ஆசைப்பட்டு வாங்கி, கொஞ்ச நாள் எங்கள் காதைப் பதம் பார்த்துவிட்டு, பீரோ மேல் தூக்கிப் போட்டுவிட்டாள். வீட்டில் சும்மா உட்கார்ந்து உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்த தம்பி ஒரு நாள் அதை எடுத்துத் தூசி தட்டினான். ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுத்தவர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்லியிருந்தார். அதை அவன் என்றைக்கோ ஜன்னல் வழியாக வீசிவிட்டான். இதையாவது தொடுகிறானே என்று நான் வாயைத் திறக்கவில்லை.

தொட்டான், ஆனால் பிடிக்க முடியவில்லை. சின்னப் பொருள்தானே, என்ன கனம் என்று நினைப்போம். அதன் கழுத்தை இடது கைதான் தாங்க வேண்டும். தாங்கிக்கொண்டே கம்பியையும் அமுக்க வேண்டும். அவன் கை ஒன்றைச் செய்தால் மற்றதை விட்டுவிடும். கழுத்து சாயும், அதன் பெட்டி சட்டையில் வழுக்கும், வலது முழங்கையால் இறுக்கிப் பிடித்தால் பெட்டியின் ஓரம் சதையில் வெட்டும். கீழே வைத்துவிட்டுப் பார்த்தால் முன்கையில் கோடு கோடாகச் சிவந்திருக்கும். ஒரு நாள் அதைத் தரையில் வைத்துவிட்டு, "பாத்தியா, ஒரு விளையாட்டுச் சாமானைக்கூடப் பிடிக்க முடியலை" என்றான். அவன் குரல் போன போக்கு எனக்குப் பொறுக்கவில்லை.

"கையைத் திட்டாதே. சாமானைத் திட்டு. குடு இங்கே" என்று பிடுங்கிக்கொண்டேன்.

நான் வண்டி சீட் தைக்கிறவள். கார், பைக், ஆட்டோ, சில சமயம் சோபா. முதுகு வலி என்று வருகிறவரிடம் போய் முதுகை மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று நான் சொல்வதில்லை. உட்கார வைத்து, எங்கே இடிக்கிறது, எங்கே பள்ளம் விழுகிறது என்று பார்த்து, சீட்டைத்தான் மாற்றுவேன். அதே வேலையைத்தான் இதிலும் செய்தேன். அவனை நாற்காலியில் உட்கார வைத்து, யுகுலேலேயை மடியில் கொடுத்து, எங்கே நழுவுகிறது, எங்கே வெட்டுகிறது என்று சாக்பீஸால் அவன் சட்டையிலும் கையிலும் குறி போட்டேன்.

"என்னை என்ன ஸ்கூட்டர்னு நினைச்சியா?" என்றான்.

"ஸ்கூட்டரா இருந்தா இந்நேரம் வாயை மூடிட்டு நின்னிருக்கும்" என்றேன்.

அவசரக்காரி நான். முதலில் ஒரு வார் மாட்டலாம் என்று முதுகுப் பலகையிலேயே ஒரு ஸ்குரூவை இறக்கிவிட்டேன். அது அட்டை கனத்துக்குத்தான் மரம் என்பது கீறல் விட்ட பிறகுதான் தெரிந்தது. மகள் பார்த்துவிட்டு அழுதாள். பீரோ மேல் கிடந்தவரை அழாதவள், அப்போது அழுதாள். இசைக்கருவிக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் என்னைக் கொலைகாரியைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். கழுத்து பெட்டியோடு சேரும் இடத்திலும், அடிப்பக்க நுனியிலும் மட்டும்தான் உள்ளே கட்டையாக மரம் இருக்கும், வார் மாட்டுவதென்றால் அங்கேதான் என்று திட்டிக்கொண்டே சொன்னார். கீறலை ஒட்டிவிட்டு, அந்த இரண்டு இடத்திலும் சின்னக் குமிழ்கள் போட்டேன்.

பெட்டியின் மேல் ஓரத்துக்கு மெல்லிய ஃபோம் வைத்து, அதன் மேல் பழைய பர்ஸிலிருந்து எடுத்த மெத்தென்ற தோலைச் சீவி ஒட்டினேன். முதுகில் சொரசொரப்பான தோல் ஒரு துண்டு. சட்டையைப் பிடித்துக்கொண்டு நழுவாமல் நிற்கும். கம்பிகள் உயரமாக நின்றதால் அமுக்கக் கஷ்டப்பட்டான். அடியில் கம்பிகள் ஏறி நிற்கிற வெள்ளைத் துண்டை உருவி, அதன் அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துத் தாழ்த்தினேன். கொஞ்சம் அதிகமாகத் தேய்த்துவிட்டேன் போல. மீட்டினால் கம்பி கட்டையில் பட்டுக் கொசு மாதிரி இரைந்தது. அடியில் ஒரு அட்டைத் துண்டைச் செருகியதும் இரைச்சல் நின்றது. மிருதுவான கம்பிகள் வாங்கி, சுருதியையும் ஒரு படி இறக்கிக்கொண்டான். விரல் வைத்தாலே போதும் என்ற அளவுக்கு வந்துவிட்டது.

கட்டைவிரலுக்குத்தான் ரொம்ப யோசித்தேன். கை கழுத்தைவிட்டு விழாமல் இருக்க, கழுத்தின் பின்பக்கம் ஒரு கறுப்பு எலாஸ்டிக் வளையம் போட்டேன். கட்டைவிரலை அதற்குள் நுழைத்துவிட்டால் கை தன் இடத்திலேயே நிற்கும், மற்ற விரல்கள் போய்வரும். கழுத்தும் கறுப்பு, வளையமும் கறுப்பு. பக்கத்தில் வந்து பார்த்தாலும் தெரியாது.

மிச்சம் வார். அதில்தான் சண்டை வந்தது. தோளில் போட்டு மாட்டுகிற வார் ஒன்றை நல்ல பழுப்பு ரெக்சினில் தைத்துக் கொடுத்தேன். தூக்கி எறிந்துவிட்டான்.

"மாட்டைக் கட்டற மாதிரி கட்டிட்டு உக்காரச் சொல்றியா? பாக்கறவன் எல்லாம் ஐயோ பாவம்னுவான்."

"வார் போட்டா ஐயோ பாவமா? ஊர்ல கிட்டார் வாசிக்கறவன் எல்லாரும் வார் போட்டுட்டுத்தான் நிக்கறான்."

"அவனுக்குக் கை இருக்கு. எனக்கு இல்லாததாலதான் போடறேன்னு எனக்குத் தெரியுமே. வெளியில எதுவும் தெரியாம செய்ய முடிஞ்சா செய். இல்லேன்னா விடு."

முடிந்தால் செய் என்று என்னிடம் யாரும் சொல்லக் கூடாது. எங்கள் வேலையில் நல்ல தையல் என்றால் தேடினாலும் கிடைக்காத தையல்தான். சட்டைக்கு உள்ளே மார்பைச் சுற்றி ஒரு பட்டி, தோள் மேலாக இரண்டு பட்டி, பிடரியில் சட்டைக் காலருக்குக் கீழே, இரண்டு பக்கமும் அமுக்கினால் விடுபடுகிற ஒரு பக்கிள். மார்புப் பட்டியிலிருந்து இரண்டு மெல்லிய கொக்கிகள் சட்டைப் பட்டன்களின் இடைவெளியில் வந்து குமிழ்களில் மாட்டிக்கொள்ளும். யுகுலேலே உடம்போடு ஒட்டி நிற்கும். இரண்டு கையையும் எடுத்துவிட்டாலும் விழாது. அவன் போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பினான். பிறகு உட்கார்ந்து வாசித்தான். முழுப் பாட்டு. நிறுத்தாமல், விழாமல், முனகாமல். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. வாசலில் நின்ற என் வீட்டுக்காரர் போனை எடுத்தார்.

தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வர அதிக நேரம் ஆகவில்லை. அவனுடைய சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே பேசினாராம். "என்னப்பா எக்ஸ்பிரஸ், கச்சேரி எல்லாம் பண்றியாமே. மூணு நிமிஷம் கழுத்தை விடாம பிடிச்சிருக்கியே, தகட்டைப் பிடிக்க மாட்டியா? வந்து டாக்டரைப் பாத்துட்டுப் போ, அடுத்த வாரமே மெஷினுக்கு வந்துடலாம்." இதை என் தம்பி என்னிடம் சொன்னபோது அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

முதலில் வீட்டுக்காரரைப் பிடித்தேன்.

"பழையபடி ஆயிட்டான்னு எழுத உங்களை யாரு கேட்டா?"

"நல்லதுதானே எழுதினேன்? எல்லாரும் எவ்வளவு சந்தோஷப்பட்டாங்க தெரியுமா?"

"அவன் கையை மறுபடி அந்த இரும்புக்கு அடியில வைக்கப் போறாங்க. அந்தச் சந்தோஷத்தையும் போய் வீடியோ எடுங்க."

மனிதர் போனைக் கீழே வைத்தார். அப்புறம், "எனக்கு எப்படித் தெரியும்? நீதான் எதுவும் தெரியாத மாதிரி தைச்சியே" என்றார். வேண்டுமென்று சொல்லவில்லை, பாவம், மனதில் பட்டதைச் சொன்னார். ஆனால் அது என் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. அன்றைக்கு முழுக்க அவரோடு நான் பேசவில்லை. பேசியிருந்தால் அவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்.

பிறகு தம்பி. அவன் அறைக்குப் போனேன். வேலைக்குப் போட்டுப்போகும் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். லேஸ் கட்ட வராத கையோடு பூட்ஸைத் துடைக்கிறான்!

"டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லு. உள்ளே வார் இருக்கு, வளையம் இருக்கு, கம்பியை இறக்கியிருக்குன்னு சொல்லு."

"எதுக்கு?"

"எதுக்கா? தகடு மறுபடி ஒட்டாதா? நீ மறுபடி கையை விடமாட்டியா? அப்ப அந்தக் கை டக்குனு வெளியில வருமா? டம்ளரையே பிடிக்கலை அது!"

"பழகிடும்."

"மெஷின் உனக்குப் பழக டைம் குடுக்குமா?"

அவன் பூட்ஸைக் கீழே வைத்தான். "அக்கா, ஸ்டோர்ல யாரு உக்காந்திருக்கான்னு உனக்குத் தெரியாது. கண்ணு போனவன் ஒருத்தன், இடுப்பு போனவன் ஒருத்தன். கையுறை எண்ணிக் குடுக்கறாங்க. சாப்பாட்டு நேரத்துல யாரும் அவங்க மேஜையில உக்காரமாட்டோம். நானே உக்காந்தது இல்லை. அந்த மேஜைக்குப் போகச் சொல்றியா என்னை?"

"உயிரோட, கையோட, எந்த மேஜையில உக்காந்தா என்னடா?"

"உனக்குப் புரியாது. நீ செஞ்சு குடுத்தே, ரொம்ப நல்லா செஞ்சே. அத்தோட விடு. கையைப் பத்தி நான் பாத்துக்கறேன்."

கூட வருவேன் என்றேன். வராதே என்றான். போனேன்.

கம்பெனி அலுவலகத்தில் ஏசி குளிரில் நாற்காலிகள் ஜில்லென்று கிடந்தன. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தொழிற்சாலை. சத்தம் கேட்காது, ஆனால் பிரஸ் இறங்கும்போதெல்லாம் தரை மெல்ல அதிரும். நிர்வாகத்திலிருந்து ஒரு மேடம், டாக்டர், சூப்பர்வைசர் மூன்று பேரும் இருந்தார்கள். டாக்டர் கையைப் பார்ப்பதற்கு முன் போனைப் பார்த்தார். வீடியோ ஓடியது. மேடம் சிரித்தார், "ரொம்ப அழகா வாசிக்கறீங்க" என்றார். அதற்குப் பிறகுதான் டாக்டர் தம்பியின் கையை வாங்கி, விரலை மடக்கி நீட்டி, தன் இரண்டு விரலை நீட்டி அமுக்கச் சொன்னார். முதல் தடவை அவனால் நன்றாகவே அமுக்க முடியும். இரண்டாவது தடவைதான் கை விட்டுப்போகும். இரண்டாவது தடவை அமுக்கச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

"வலி இருக்கா?"

"இல்லை சார்."

"மரத்துப் போகுதா?"

"இல்லை சார்."

வாய் கூசாமல் பொய் சொன்னான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "சார், அந்த வீடியோவை வச்சு முடிவு பண்ணாதீங்க. அது கையால பிடிச்சதில்லை, நான் உள்ளே..." என்று ஆரம்பித்தேன்.

"அக்கா!" என்றான் தம்பி. இவ்வளவு கடுமையாக அவன் என்னைக் கூப்பிட்டதே இல்லை.

மேடம் என்னைப் பார்த்துத் தன்மையாக, "பயம் இருக்கத்தான் செய்யும். வீட்டுல இருக்கறவங்களுக்கு எப்பவும் பயம்தான். அவருக்கே வரணும்னு இவ்வளவு ஆர்வம் இருக்கு, நாம தடுக்கக் கூடாது இல்லையா?" என்றார். ஆர்வமாம். பயமாம். அவன் கையை அச்சுக்குள் வைக்கச் சொல்பவர்களுக்குப் பேர் ஊக்கம் கொடுப்பவர்கள், வேண்டாம் என்பவளுக்குப் பேர் பயந்தாங்கொள்ளி!

சூப்பர்வைசர்தான் அந்த யோசனையைச் சொன்னார். "எக்ஸ்பிரஸ், கொண்டு வந்திருக்கே இல்லை? ஒண்ணு வாசியேன். நேர்லயே பாத்துடுவோம்."

அவன் தயாராகத்தான் வந்திருந்தான். சட்டைக்குள் பட்டி, பையில் யுகுலேலே. திரும்பி நின்று கொக்கிகளை மாட்டினான், வளையத்தில் கட்டைவிரலை நுழைத்தான், உட்கார்ந்தான், வாசிக்க ஆரம்பித்தான். அன்றைக்கு அவன் வாசித்த அழகை நான் பொய் சொல்லக் கூடாது. அந்த அறையில் எல்லாருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. மேடம் மேஜையில் தாளம் போட்டார். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே பேனாவின் மூடியைக் கழற்றினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவன் தகட்டை வைத்து எடுத்து, வைத்து எடுத்துக்கொண்டிருந்தான்.

நான் தம்பியின் பின்னால் நின்றிருந்தேன். அவன் சட்டைக் காலருக்குள் இரண்டு விரலை விட்டு, பக்கிளின் இரண்டு காதையும் சேர்த்து அமுக்கினேன்.

பட்டி தளர்ந்தது. யுகுலேலே முன்பக்கம் சரிந்தது. பாட்டு பாதியில் அறுந்தது. வலது கையால் பெட்டியை மார்போடு அணைத்துப் பிடித்துவிட்டான், ஆனால் கழுத்து கீழே தொங்கிவிட்டது, வளையம் கட்டைவிரலைப் பிடித்து இழுத்தது. அவன் திரும்பி என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

"என்ன ஆச்சு?" என்றார் மேடம்.

"உள்ளே வார் கட்டியிருந்தேன், அவுத்துட்டேன்" என்றேன். "இதுவரைக்கும் அந்த வார்தான் பிடிச்சுட்டிருந்தது. அவன் கை இல்லை. இப்ப வாசிக்கச் சொல்லுங்க."

"வார் இல்லேன்னா என்ன?" தம்பி எழுந்தே நின்றுவிட்டான். முகமெல்லாம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து நின்றது. "இதைப் பிடிக்க முடியாதா எனக்கு? இவ சும்மா கதை கட்டறா சார். பிடிக்கறேன் பாருங்க!"

கட்டைவிரலை வளையத்திலிருந்து உருவினான். இடது கையால் கழுத்தை இறுக்கிப் பிடித்தான். வலது கையை எடுத்துவிட்டான். கையை நீட்டி, யுகுலேலேயை டாக்டரின் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினான்.

பிடித்தான். நிஜமாகவே பிடித்தான். ஒரு நொடி, இவனுக்குச் சரியாகிவிட்டதா என்றுகூட நினைத்தேன். பிறகு அவன் சுண்டுவிரல் விலகியது, மோதிரவிரல் விலகியது. அவன் பல்லைக் கடித்து அந்தக் கையையே முறைத்துக்கொண்டிருக்கும்போதே அது தரையில் விழுந்தது. கழுத்து ஒடிந்து, கம்பிகள் சுருண்டுகொண்டன. காலியான கை அப்படியே நீட்டியபடி, கழுத்தைப் பிடித்திருந்த மாதிரியே பாதி மடங்கி நின்றது.

பிரஸ் இறங்கித் தரை அதிர்ந்தது. சூப்பர்வைசர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்து, நீட்டியிருந்த அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"இன்னொரு தடவை அமுக்குங்க" என்றார். அமுக்கினான். "இன்னொரு தடவை." அமுக்க முடியவில்லை. "பரவாயில்லை, உக்காருங்க" என்றார். பிறகு மேடத்திடம், "மெஷினுக்கு வேண்டாம். இனிமே வேண்டாம்" என்றார்.

எனக்கு வேண்டியது அந்த வார்த்தைதான். வந்துவிட்டது. கொண்டாடவா முடிந்தது? ஒடிந்த துண்டுகளை நான் குனிந்து பொறுக்கப் போனேன். "தொடாதே" என்றான். அவனே முட்டி போட்டு, வலது கையால் ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டான். சட்டைக்குக் கீழே பட்டி ஒன்று நழுவி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். அவனுக்கும் தெரியும், பார்க்கிறார்கள் என்று.

தெருவில் அவன் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தான். நான் ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனேன். பழுது பார்க்கும் கடைகள், டயர்க் கடை, வண்டிகள் ஏறி நிற்கிற நடைபாதை. ஒரு லாரி பின்னால் வந்ததைக்கூடக் கவனிக்காமல் நடந்தான். சத்தம் போட்டு அவனை இழுத்து ஓரத்தில் நிறுத்தினேன். கையை உதறினான்.

"உன்னை யாரு கேட்டா?" என்று கத்தினான். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். "கேட்டியா என்னை? அவுக்கப் போறேன்னு ஒரு வார்த்தை சொன்னியா? அத்தனை பேருக்கு முன்னால என்னை உரிச்சுக் காட்டினியே!"

"சொல்லியிருந்தா விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன்! அது என் இஷ்டம்! என் கை அது!"

அவன் சொன்னது நியாயம்தான். அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. அவன் மேல், அந்த மேடம் மேல், வீடியோ எடுத்தவர் மேல், மெஷின் மேல், வெளியே தையலே தெரியாதபடி தைத்த என் கையின் மேல். மன்னிப்புக் கேட்கிறவள் மாதிரி நிற்க என்னால் முடியவில்லை.

"இனிமே உன் முகத்துலயே முழிக்க மாட்டேன்" என்றான். கண்ணில் தண்ணீர் நின்றது. அதைத் துடைக்க வந்தது இடது கை. சரியாக வராமல் கன்னத்தில் இடித்துவிட்டு இறங்கியது.

"முழிக்காதே!" என்று நானும் கத்தினேன். "பேசாதே. சோறு போட்டாத் தின்னாதே. வாழ்நாள் முழுக்கக் கோவப்பட்டுட்டே இரு. அஞ்சு விரலும் இருக்குல்ல, அதை மடக்கிக் காட்டிக் கோவப்படு!"

அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தான். நான் அவனைக் கூப்பிடவில்லை.